வளர்ப்புக் கிளியைக் கூண்டுக்குத் திரும்பப் பழக்குதல்

வளர்ப்புக் கிளியைக் கூண்டுக்குத் திரும்பப் பழக்குதல் என்பது, வீட்டுக்குள் திறந்துவிடப்பட்ட கிளி இனப் பறவை, துரத்தலோ வலையோ இல்லாமல், அழைத்ததும் தானாகவே கூண்டுக்குள் சென்று அமரும்படி படிப்படியாகக் கற்பிக்கும் முறையாகும். கூண்டைத் திறந்து பறவையை வெளியே விடுவது எளிது. அதைத் திரும்ப உள்ளே அனுப்புவதுதான் வளர்ப்போர் பலருக்கும் சிக்கலாக இருக்கிறது. ஒருமுறை திரைச்சீலைக் கம்பியில் ஏறி அமர்ந்த பறவையை இறக்க ஒரு மணி நேரம் போராடியவர், அடுத்த நாள் கூண்டைத் திறக்கவே தயங்குவார். நாளடைவில் கதவு நிரந்தரமாகப் பூட்டப்படுகிறது. ஆகவே இந்தப் பயிற்சி வெறும் வேடிக்கை வித்தை அன்று. திரும்பி வரத் தெரிந்த பறவைக்கே தினமும் பறக்கும் வாய்ப்பு கிடைக்கிறது.

இந்தக் கட்டுரை திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் பகுதியின் வீடுகள், தட்பவெப்பம், அங்கு கிடைக்கும் உணவு ஆகியவற்றை முன்வைத்து இம்முறையை விளக்குகிறது.

திருவரங்கமும் கிளியும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்த தீவு திருவரங்கம். தென்னந்தோப்புகளும் ஆற்றங்கரை மரங்களும் நிறைந்த இப்பகுதியில் பச்சைக்கிளி அன்றாடம் காணக்கூடிய பறவை. மரப்பொந்துகளிலும் பழைய கட்டடங்களின் இடுக்குகளிலும் அது கூடு வைக்கும். ஆண் பறவையின் கழுத்தில் இளஞ்சிவப்பும் கறுப்பும் கலந்த வளையம் இருப்பதால் இதற்குச் செந்தார்ப் பைங்கிளி என்ற பெயரும் உண்டு.

திருவரங்கம் கோயில் வரலாற்றுக் கதைகளிலும் கிளிக்கு இடம் உண்டு. காடும் மணலும் மூடி மறைந்துபோன கோயிலின் இருப்பிடத்தை, ஒரு கிளி சொல்லிக்கொண்டிருந்த சுலோகத்தைக் கேட்டுச் சோழ மன்னன் ஒருவன் கண்டறிந்தான் என்பது தலபுராணச் செய்தி. அம்மன்னன் கிளிச்சோழன் எனப்படுகிறான். கோயிலுக்குள் உள்ள கிளி மண்டபம் இக்கதையோடு தொடர்புபடுத்திப் பேசப்படுகிறது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலிலும் கிளிக்கூட்டு மண்டபம் உண்டு. முற்காலத்தில் அங்குக் கூண்டுகளில் வளர்க்கப்பட்ட கிளிகள் அம்மனின் பெயரைச் சொல்லப் பழக்கப்பட்டிருந்தன.

கிளியோடு தமிழர்க்கு உள்ள பழக்கம் இவ்வளவு நீண்டது. அதனாலேயே, பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது இன்று சட்டப்படி குற்றம் என்பதைப் பலர் அறிவதில்லை.

எந்தப் பறவையை வளர்க்கலாம்

பயிற்சியைத் தொடங்கும் முன் தீர்த்துக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி இது. வனவுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972 இந்தியாவில் இயற்கையாக வாழும் கிளி இனங்களைப் பாதுகாக்கிறது. பச்சைக்கிளி, பெரிய பச்சைக்கிளி ஆகியவற்றைப் பிடிப்பதும், விற்பதும், வாங்குவதும், கூண்டில் வைத்திருப்பதும் குற்றமாகும். 2022-இல் நிறைவேறி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி பச்சைக்கிளி இச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ளது. திருச்சி நகரிலும் வனத்துறையினர் சோதனை நடத்தி, விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்த பச்சைக்கிளிகளைப் பறிமுதல் செய்துள்ளனர். ‘குஞ்சிலிருந்தே வளர்த்தது’, ‘பாசமாகப் பழகிவிட்டது’ என்பவை சட்டத்தின் முன் விலக்கு ஆகா.

வெளிநாட்டு இனங்களின் நிலை வேறு. தமிழ்நாட்டு வீடுகளில் அதிகம் வளர்க்கப்படுபவை இவை:

பட்ஜெரிகர்: ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சிறு கிளி. கடைகளிலும் வீடுகளிலும் இதைத்தான் பெரும்பாலோர் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று அழைக்கின்றனர்.

காக்கட்டீல்: இதுவும் ஆஸ்திரேலியப் பறவை. தலையில் கொண்டையும் கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டும் உண்டு. பேச்சு வழக்கில் ‘காக்டெயில்’ என்பர்.

ஆப்பிரிக்க லவ் பேர்ட்ஸ்: உண்மையான லவ் பேர்ட் இனங்கள் இவையே. பட்ஜெரிகரைவிடப் பருத்த உடலும் குட்டை வாலும் கொண்டவை.

சன் கான்யூர்: தென் அமெரிக்காவைச் சேர்ந்த மஞ்சள் நிறக் கிளி.

ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி: பேசும் திறனுக்குப் புகழ்பெற்றது.

அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியல்களில் கிளி இனங்கள் ஏறத்தாழ அனைத்தும் அடங்கும். பட்ஜெரிகர், காக்கட்டீல், ரோசா முக லவ் பேர்ட் போன்ற மிகச் சிலவே விதிவிலக்கு. சன் கான்யூர், சாம்பல் கிளி போன்ற பட்டியலில் உள்ள பறவைகளை வைத்திருப்போர், 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்த விதிகளின்படி, பரிவேஷ் 2.0 இணையதளத்தில் அவற்றைப் பதிவு செய்ய வேண்டும். எனவே பறவையை வாங்கும்போதே அதன் இனப்பெயரை உறுதி செய்துகொள்வதும் ரசீது பெறுவதும் அவசியம்.

ஏற்கெனவே பச்சைக்கிளி வைத்திருப்போர் அதை மாவட்ட வனத்துறையிடம் ஒப்படைக்கலாம். இரக்கப்பட்டு மொட்டை மாடியிலிருந்து பறக்கவிடுவது தவறான வழி. சிறகு வெட்டப்பட்ட, அல்லது பல ஆண்டுகள் கூண்டிலேயே இருந்த கிளி உணவு தேடவும் பகைக்குத் தப்பவும் அறியாது. வெட்டிய சிறகு அடுத்த இறகுதிர்ப்பில்தான் முழுமையாக வளரும். அதற்குப் பல மாதங்கள் ஆகலாம்.

கிளி ஜோசியக் கிளி தரும் பாடம்

அழைத்தால் வெளியே வந்து, வேலை முடிந்ததும் கூண்டுக்குத் திரும்பும் கிளி என்றதும் தமிழர் நினைவுக்கு வருவது கிளி ஜோசியம். ஜோசியர் கூண்டுக் கதவைத் தூக்குவார். கிளி நடந்து வந்து, அடுக்கி வைத்த அட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளி ஒன்றை எடுத்துக் கொடுக்கும். ஓரிரு நெல்மணியைப் பெற்றுக்கொண்டு மீண்டும் உள்ளே போய்விடும். கோயில் நகரங்களின் தெருவோரங்களில் நெடுங்காலமாக நிகழ்ந்துவந்த காட்சி இது.

இதில் இரண்டு கூறுகள் கலந்துள்ளன. முதலாவது, சரியான செயலுக்கு உடனே கிடைக்கும் நெல்மணி. இது கற்பித்தலின் உண்மையான அடிப்படை. இரண்டாவது, கிளியின் சிறகு பெரும்பாலும் வெட்டப்பட்டிருப்பதும், அதன் உணவு முழுவதும் ஒரே கையில் இருப்பதும். பறக்க முடியாத பறவை கூண்டுக்குத் திரும்புவதை விருப்பம் என்று சொல்ல முடியாது. அதற்குப் போக வேறு இடமில்லை.

இத்தொழிலில் பயன்படுவது பாதுகாக்கப்பட்ட பச்சைக்கிளி என்பதால் அதுவும் சட்டத்துக்குப் புறம்பானதே. 2024 ஏப்ரலில், நாடாளுமன்றத் தேர்தல் நேரத்தில், கடலூர் பகுதியில் வேட்பாளர் ஒருவருக்குக் கிளி ஜோசியம் பார்க்கப்பட்டதைத் தொடர்ந்து வனத்துறை நடவடிக்கை எடுத்துக் கிளிகளைப் பறிமுதல் செய்தது. ஓர் ஏழைத் தொழிலாளியின் பிழைப்பைக் கெடுப்பதா என்ற எதிர்ப்பும், சட்டம் எல்லோருக்கும் ஒன்றே என்ற வாதமும் அப்போது ஒருசேர எழுந்தன.

வீட்டுப் பயிற்சிக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நெல்மணியை மட்டுமே. பறவை மறுக்கவும் முடியும் என்ற நிலையில் திரும்பி வந்தால்தான் அது விரும்பி வந்ததாகும்.

பறவை ஏன் மறுக்கிறது

கூண்டுக்குள் போக மறுக்கும் கிளியைப் பிடிவாதக்காரப் பறவை என்று கருதுவது வழக்கம். உண்மையில் அது அனுபவத்திலிருந்து கற்றுக்கொண்டபடியே நடந்துகொள்கிறது. முக்கியக் காரணங்கள் இவை:

முதலாவது, கூண்டுக்குள் போனவுடன் கதவு மூடப்படுகிறது. பறத்தல், விளையாட்டு, மனிதத் துணை எல்லாம் அந்த நொடியோடு முடிகின்றன. ஒவ்வொரு நாளும் இதே நடந்தால், உள்ளே போவது இழப்பு என்று பறவை கற்றுக்கொள்கிறது.

இரண்டாவது, கூண்டு வசதியற்றது. சிறகை விரிக்க இடமில்லாத கூண்டு, எந்நேரமும் ஆட்கள் கடந்து செல்லும் நடைவழி, நேர்வெயில், பூனை எட்டிப் பார்க்கும் சன்னல் ஆகியவை பறவைக்கு அச்சம் தரும்.

மூன்றாவது, கூண்டு தண்டனைக் கூடமாகப் பயன்படுகிறது. கடித்தால், கத்தினால் உடனே உள்ளே அடைப்பது இந்தத் தவறு.

நான்காவது, முன்பு துண்டு போட்டோ வலை வீசியோ பிடிக்கப்பட்ட நினைவு. அப்படிப் பிடிபட்ட பறவை, கை நெருங்கினாலே உயரமான இடத்துக்குப் பறந்துவிடும்.

அறிவியல் அடிப்படை

ஒரு செயலின் விளைவு இனிதாக இருந்தால் உயிரினம் அச்செயலை மீண்டும் செய்யும். இனிதாக இல்லாவிட்டால் குறைத்துக்கொள்ளும். அமெரிக்க உளவியலாளர் எட்வர்டு தார்ன்டைக் 1898-இல் பூனைகளைக் கொண்டு வெளியிட்ட ஆய்வு இக்கருத்துக்கு அடித்தளமிட்டது. பி. எஃப். ஸ்கின்னர் 1930-களில் எலிகளையும் பின்னர் புறாக்களையும் கொண்டு இதை விரிவாக்கினார். அவரிடம் பயின்ற மரியன் பிரேலண்டும் அவர் கணவர் கெல்லரும் 1940-களில் இம்முறையை ஆய்வகத்துக்கு வெளியே கொண்டுவந்து, பல வகை விலங்குகளையும் பறவைகளையும் பழக்கினர். விரும்பத்தக்க செயலுக்குப் பரிசு தந்து அதைப் பெருகச் செய்வதை நேர்மறை வலுவூட்டல் என்பர்.

இதில் நேரம் மிக முக்கியம். செயலுக்கும் பரிசுக்கும் இடையே சில நொடிகள் கடந்தாலும், எதற்காகப் பரிசு கிடைத்தது என்பது பறவைக்குப் புரியாமல் போகலாம். அதனால் பரிசுக்கு முன்னோடியாக ஒரு குறுகிய ஒலி பயன்படுகிறது. ‘கிளிக்கர்’ என்னும் சிறு கருவியின் ஒலியாகவோ, ‘சரி’ போன்ற ஒரு சொல்லாகவோ, நாவால் எழுப்பும் சொடுக்கொலியாகவோ அது இருக்கலாம். ஒலி கேட்டதும் உணவு வரும் என்பதைப் பறவை விரைவில் புரிந்துகொள்ளும்.

கூண்டைப் பறவை விரும்பித் தேடவும் கூடும் என்பதற்கு நன்கறியப்பட்ட சான்று, அமெரிக்க ஆய்வாளர் ஐரீன் பெப்பர்பெர்க் 1977 முதல் ஆய்வு செய்த அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. பயிற்சியில் சலிப்படைந்தபோது, திரும்பிப் போக வேண்டும் என்று ஆங்கிலத்தில் அது சொல்வது வழக்கம். 2007-இல் இறந்த அலெக்ஸுக்குக் கூண்டு ஓய்விடமாகவும் இருந்தது.

முன்னேற்பாடுகள்

கூண்டு

பறவை இரு சிறகுகளையும் முழுமையாக விரித்து அடிக்கப் போதுமான அகலம் கூண்டுக்கு வேண்டும். உயரத்தைவிட அகலம் முக்கியம். ஒரு பக்கம் சுவரை ஒட்டியும், மனிதரின் மார்பு உயரத்திலும் வைத்தால் பறவை பாதுகாப்பை உணரும். வெவ்வேறு பருமன் கொண்ட இயற்கை மரக்கிளைகளை உட்காரும் குச்சிகளாக வைக்கலாம். வேம்பு, கொய்யாக் கிளைகள் எளிதில் கிடைக்கும். பூச்சிமருந்து தெளிக்காத மரமாக இருக்க வேண்டும். கதவு அகலமாகவும், அதன் முன் பறவை வந்து இறங்க ஒரு குச்சி நீட்டிக்கொண்டும் இருப்பது நல்லது. குறுகிய கதவின் வழியாகக் கூண்டுக்குள் நுழையப் பறவைகள் தயங்கும்.

முதன்மை உணவும் தண்ணீரும் கூண்டுக்குள் மட்டும் இருக்க வேண்டும். இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருளும் அமைதியும் கிடைக்க வேண்டும். தொலைக்காட்சிக்கு அருகில் வைத்த கூண்டில் இது நடவாது. சமையலறையில் கூண்டு வைக்கக்கூடாது. அதிகமாகச் சூடேறிய ஒட்டாத பூச்சுப் பாத்திரத்தின் புகை பறவைகளைச் சில நிமிடங்களில் கொல்லக்கூடியது. சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள் ஆகியவற்றின் புகையும் அவற்றின் மூச்சுக்குக் கேடு.

அறை

பறவையைத் திறந்துவிடும் முன் மின்விசிறி நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். சுழலும் விசிறி, வளர்ப்புக் கிளிகளுக்கு வீட்டுக்குள் உள்ள பேராபத்துகளுள் ஒன்று. திருச்சியில் ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டும். அந்நாட்களில் பகலில் விசிறியை நிறுத்துவது மனிதருக்கும் பறவைக்கும் கடினம். எனவே விடிந்ததும் காலை 6 மணி அளவிலும், வெயில் தாழ்ந்த பிறகும் பயிற்சி நேரத்தை வைத்துக்கொள்வது பொருத்தம். வாயைத் திறந்து மூச்சு வாங்குவதும் சிறகுகளை உடலிலிருந்து விலக்கி வைப்பதும் வெப்ப அயர்ச்சியின் அறிகுறிகள். அப்போது பயிற்சியை நிறுத்த வேண்டும்.

சன்னல்களுக்கு வலை வேண்டும். கண்ணாடிச் சன்னலைத் திரையால் மூட வேண்டும்; கண்ணாடியைத் திறந்த வெளி என்று எண்ணிப் பறவை மோதிவிடும். திருவரங்கத்தின் உத்திர வீதி, சித்திரை வீதிகளில் உள்ள பழைய வீடுகளில் நடுவே வானம் பார்த்த முற்றம் இருக்கும். மேலே இரும்புக் கம்பி போட்டிருந்தாலும் அதன் இடைவெளி பட்ஜெரிகர் நுழையப் போதுமானது. அத்தகைய வீடுகளில் முற்றத்தோடு தொடர்பில்லாத தனி அறையில் மட்டும் பறவையை விட வேண்டும். அடுக்குமாடி வீடுகளில் பால்கனிக் கதவுக்கும் இதே கவனம் தேவை. கொதிக்கும் பாத்திரம், திறந்த தண்ணீர் வாளி, பூனை, நாய் ஆகியவை அந்த அறையில் இருக்கக்கூடாது.

பரிசு உணவு

பறவைக்கு மிகவும் பிடித்த, வேறு நேரத்தில் கிடைக்காத ஓர் உணவைப் பரிசாக ஒதுக்க வேண்டும். பட்ஜெரிகருக்கும் காக்கட்டீலுக்கும் தினைக்கதிரை மிஞ்சிய பரிசு இல்லை. சங்க இலக்கியக் குறிஞ்சிப் பாடல்களில் தினைப்புனம் காக்கும் பெண்கள் தழல், தட்டை, குளிர் ஆகிய கருவிகளை ஒலித்துக் கிளிகளை ஓட்டுவர். விரட்ட விரட்டத் திரும்பி வரும் அளவுக்குத் தினை கிளிக்கு விருப்பமான உணவு என்பது இதனால் தெரிகிறது. சற்றுப் பெரிய பறவைகளுக்குச் சூரியகாந்தி விதை, வேர்க்கடலைத் துண்டு, கொய்யா, கோவைப்பழம் ஏற்றவை. மிளகாயின் காரத்தைப் பறவைகள் உணர்வதில்லை. ஆகவே பச்சை மிளகாயும் சில கிளிகளுக்கு விருந்து. வெண்ணெய்ப்பழம், சாக்லேட், காபி, உப்பிட்ட நொறுக்குத்தீனி ஆகியவை தரக்கூடாதவை.

பரிசின் அளவு மிகச் சிறியதாக இருக்க வேண்டும். பயிற்சியை வழக்கமான உணவு வேளைக்குச் சற்று முன் வைத்தால் பறவைக்கு ஆர்வம் இருக்கும். அதற்காகப் பட்டினி போடுவது கொடுமை மட்டுமல்ல, ஆபத்தும்கூட. பட்ஜெரிகரின் எடை ஏறத்தாழ 30 முதல் 40 கிராம். காக்கட்டீல் 100 கிராம் அளவு. இவ்வளவு சிறிய உடலில் சேமிப்பு மிகக் குறைவு. சமையலறை மின்னணுத் தராசில் வாரம் ஒருமுறை எடை பார்ப்பது நல்ல பழக்கம்.

பழக்கும் படிகள்

ஒவ்வொரு பயிற்சியும் 5 முதல் 10 நிமிடம் போதும். நாளுக்கு இரண்டு முறை நடத்தலாம். ஒரு படி நன்றாகப் பழகிய பிறகே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

1. இடம் பழகுதல். புதிதாக வந்த பறவையை ஓரிரு வாரம் கூண்டிலேயே விட வேண்டும். அருகில் அமர்ந்து மெதுவாகப் பேசுவது, படிப்பது போதும். மனிதர் முன்னிலையில் பறவை அச்சமின்றி உண்ணத் தொடங்குவது முதல் வெற்றி.

2. கம்பி வழியே பரிசு. தினைக்கதிரின் நுனியைக் கம்பிக்கு இடையே நீட்ட வேண்டும். பறவை விலகினால் கையை அங்கேயே அசையாமல் வைக்கலாம், அல்லது சற்றுப் பின்வாங்கலாம். முன்னே தள்ளக்கூடாது.

3. ஒலியும் பரிசும். தெரிவு செய்த ஒலியை எழுப்பி உடனே பரிசு தர வேண்டும். ஒலி கேட்டதும் பறவை கையை நோக்கித் திரும்பினால் அது புரிந்துகொண்டது என்று பொருள்.

4. இலக்குக் குச்சி. ஒரு மெல்லிய மூங்கில் குச்சியின் நுனியைப் பறவையின் அருகில் காட்ட வேண்டும். ஆர்வத்தில் அது அலகால் தொட்டதும் ஒலி, உடனே பரிசு. பிறகு குச்சியைச் சிறிது தள்ளி வைத்தால், தொடுவதற்காகப் பறவை நடந்து வரும். இதன்பின் பறவையைத் தொடாமலே எங்கும் அழைத்துச் செல்லலாம்.

5. கதவு வழியே உள்ளும் வெளியும். இதுவே முறையின் மையம். குச்சியால் பறவையைக் கதவுக்கு வெளியே உள்ள குச்சிக்கு அழைத்துப் பரிசு தர வேண்டும். உடனே குச்சியைக் கூண்டுக்குள் காட்டி, உள்ளே வந்ததும் அதைவிடச் சிறந்த பரிசு தர வேண்டும். கதவை மூடாமல் மீண்டும் வெளியே அழைக்க வேண்டும். பத்து முறை உள்ளே வந்தால் ஒன்பது முறை மீண்டும் வெளியே போக முடியும் என்ற நிலையில், உள்ளே போவது இழப்பு என்ற எண்ணம் பறவைக்கு உருவாவதில்லை. கதவை இடையிடையே சில நொடிகள் மட்டும் மூடித் திறப்பதும் இப்படியில் அடங்கும்.

6. சொல்லைச் சேர்த்தல். பறவை தயக்கமின்றி உள்ளே வரத் தொடங்கிய பிறகு, அது நுழையும் நேரத்தில் ‘கூட்டுக்கு வா’ போன்ற ஒரே சொற்றொடரைச் சொல்ல வேண்டும். வீட்டில் எல்லோரும் அதே சொல்லையே பயன்படுத்த வேண்டும். நாளடைவில் குச்சி இல்லாமல் சொல்லே போதும்.

7. தொலைவைக் கூட்டுதல். கூண்டின் மேலிருந்தும், பிறகு அருகிலுள்ள நாற்காலியிலிருந்தும், பிறகு அறையின் மறுகோடியிலிருந்தும் அழைக்க வேண்டும். ஒரு தொலைவில் பறவை தடுமாறினால் முந்தைய தொலைவுக்குத் திரும்ப வேண்டும்.

8. பரிசை மாற்றி மாற்றித் தருதல். பழக்கம் உறுதிப்பட்ட பிறகு ஒவ்வொரு முறையும் ஒரே பரிசு வேண்டியதில்லை. சில முறை ஒரு விதை, சில முறை பாராட்டுச் சொல், எப்போதாவது முழுத் தினைக்கதிர் என மாற்றித் தந்தால் பறவையின் ஆர்வம் நீடிக்கும். ஆனால் இரவுக்குக் கதவை மூடும் கடைசித் திரும்புதலுக்கு எப்போதும் சிறந்த பரிசு உறுதியாகக் கிடைக்க வேண்டும்.

கையால் ஊட்டி வளர்க்கப்பட்ட பறவை சில நாட்களிலேயே இவற்றைக் கற்கலாம். பெருங்கூண்டில் கூட்டமாக வளர்ந்து, மனிதரைக் கண்டு அஞ்சும் பறவைக்குப் பல வாரங்கள், சில வேளை மாதங்களும் ஆகலாம்.

பொதுவான சிக்கல்கள்

பறவை கூண்டின் மேல் அமர்ந்து உள்ளே வர மறுத்தல். அங்கே பிடித்த பொருளோ உணவோ இருக்கிறதா என்று பார்த்து நீக்க வேண்டும். கதவருகே மீண்டும் ஐந்தாம் படியைத் தொடங்க வேண்டும்.

உயரமான இடத்தில் தங்கிவிடுதல். கையை ஆட்டியோ துடைப்பத்தைக் காட்டியோ விரட்டக்கூடாது. கூண்டுக்குள் உணவுக் கிண்ணத்தில் விதைகளைப் போட்டு ஒலி எழுப்பி, அறையில் அமைதியாகக் காத்திருக்கலாம். பசி வந்ததும் பெரும்பாலான பறவைகள் இறங்கிவிடும்.

பரிசை எடுத்துக்கொண்டு உடனே வெளியேறுதல். இது தோல்வி அன்று. பறவை விரும்பி உள்ளே வந்துவிட்டது. பரிசுகளை ஒவ்வொன்றாகத் தந்து உள்ளே இருக்கும் நேரத்தை நீட்ட வேண்டும். பறவையை ஏமாற்றிக் கதவைச் சட்டென்று சாத்தினால் பல நாள் பயிற்சி ஒரே நாளில் வீணாகும்.

திடீரென மறுத்தல். இனப்பெருக்கக் காலம், இறகுதிர்ப்பு, உடல்நலக் குறைவு ஆகியவை காரணமாக இருக்கலாம். இறகைச் சிலிர்த்தபடி ஓரத்தில் ஒடுங்கியிருப்பது, எச்சத்தின் நிறம் மாறுவது, உண்ணாமல் இருப்பது போன்றவை தெரிந்தால் பயிற்சியை விட்டுக் கால்நடை மருத்துவரை அணுக வேண்டும். தீபாவளி வெடிச் சத்தமும் பறவைகளைக் கடுமையாக அச்சுறுத்தும். அந்நாட்களில் கூண்டை உள்ளறையில் வைத்து ஒரு பக்கம் துணியால் மூடுவதே போதுமானது.

அவசர நிலை

தீ, காயம், திறந்த கதவு போன்ற ஆபத்தில் பறவையை உடனே பிடிக்க நேரலாம். அப்போது விளக்கை அணைத்தால் பெரும்பாலான கிளிகள் இருளில் பறக்கத் தயங்கி ஓரிடத்தில் அமரும். மெல்லிய துண்டால் மூடி, மார்பை அழுத்தாமல் எடுக்க வேண்டும். பறவைகள் மார்பை விரித்தே மூச்சு விடுகின்றன. மார்பு அழுந்தினால் மூச்சு நின்றுவிடும். இது அவசரத்துக்கு மட்டுமே. அன்றாட வழியாகிவிட்டால் பறவையின் நம்பிக்கை போய்விடும்.

வெளியே பறந்துவிட்ட பறவைக்கு நேரம் மிக முக்கியம். பட்ஜெரிகரோ காக்கட்டீலோ திருவரங்கத்துத் தோப்புகளில் உணவு தேடி வாழப் பழகியவை அல்ல. காகங்களும் வைரி போன்ற வேட்டைப் பறவைகளும் அவற்றை விரைவில் தாக்கும். பறவை கண்ணுக்குத் தெரியும் இடத்தில், அதன் கூண்டைக் கதவு திறந்தபடி மொட்டை மாடியில் வைக்க வேண்டும். துணைப் பறவை இருந்தால் அதை வேறொரு கூண்டில் அருகே வைக்கலாம்; அதன் குரல் நல்ல அழைப்பு. வழக்கமான ஒலியையும் சொல்லையும் திரும்பத் திரும்ப எழுப்ப வேண்டும். மாலையிலும் மறுநாள் விடியலிலும் பறவை திரும்பும் வாய்ப்பு அதிகம். கூண்டுப் பயிற்சி பெற்ற பறவைக்கும் பெறாத பறவைக்கும் உள்ள வேறுபாடு இங்கே உயிருக்கும் இழப்புக்கும் இடையிலான வேறுபாடாக இருக்கலாம்.

சிறகு வெட்டலாமா

பறந்துவிடும் என்ற அச்சத்தில் சிறகு வெட்டும் வழக்கம் உண்டு. வெட்டிய சிறகு முழுப் பாதுகாப்பும் தராது. காற்று வீசினால் அரைகுறையாகப் பறந்து தரையில் விழும் பறவை, பூனைக்கும் வாகனத்துக்கும் இரையாகும். பறத்தல் பறவையின் முதன்மை உடற்பயிற்சி. அது இல்லாதபோது உடல் பருமன், தசைத் தளர்ச்சி, தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளுதல் போன்றவை தோன்றலாம். அழைத்தால் திரும்பும் பறவைக்குச் சிறகை வெட்ட வேண்டிய தேவையே எழுவதில்லை.

கூண்டின்றித் திரும்பும் கிளிகள்

பச்சைக்கிளியின் மீது விருப்பம் கொண்டோருக்குக் கூண்டில்லாத வழியும் உண்டு. சென்னை இராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்க்கும் தொழில் செய்த சேகர் என்பவர், தம் மொட்டை மாடியில் பலகைகள் அமைத்து, ஊறவைத்த அரிசியைத் தினமும் காலையிலும் மாலையிலும் வைத்துவந்தார். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு சில கிளிகளோடு தொடங்கிய வரவு ஆயிரக்கணக்காகப் பெருகியது. எந்தக் கிளியும் அடைக்கப்படவில்லை. ஒன்றுக்கும் சிறகு வெட்டப்படவில்லை. ஒரே நேரம், ஒரே இடம், அச்சமின்மை, உணவு ஆகிய நான்குமே அவற்றை வரவழைத்தன. வீட்டுக் கூண்டுக்குப் பறவையைத் திரும்பச் செய்வதும் இதே நான்குதான்.

திருவரங்கம், திருச்சி வீடுகளின் மாடியில் கோடைக்காலத்தில் ஒரு மண் சட்டியில் தண்ணீர் வைப்பதும், வீட்டைச் சுற்றிக் கொய்யா மரம், கோவைக் கொடி போன்றவற்றை விட்டுவைப்பதும் காட்டுக்கிளிகளை வரவழைக்கும் எளிய வழிகள். தண்ணீரை அன்றாடம் மாற்றிச் சட்டியைக் கழுவி வைத்தால் நோய் பரவாது. இதற்கு உரிமமோ பதிவோ தேவையில்லை.